துப்பக் கூடாது: கடைவாய்ப் பல் ஆபரேஷனும் அதற்கப்புறமும்

ஆடுகிற பல்லைப் பிடுங்குவது வேறு, ஈறை அறுத்து எலும்பைக் கொஞ்சம் சீவிப் பல்லை வெளியே எடுப்பது வேறு. முதல் வகை பெரும்பாலும் சில நிமிட வேலை. ஊசி போட்டு, குறடால் பிடித்து அசைத்து எடுத்துவிடுவார்கள். இரண்டாவதில் தையல் உண்டு, முகம் வீங்கும், வாய் சரியாகத் திறக்காது, ஒரு வாரத்துக்குச் சாப்பாடே மாறிப்போகும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, "ஒரு பல்லைப் பிடுங்கவா இத்தனை அமர்க்களம்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேள்விப்பட்ட பயத்தில் சாதாரணப் பல்லுக்கே போகாமல் வருஷக்கணக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு.

எனக்குக் கீழ்க் கடைவாயில் ஆபரேஷன் நடந்தது. பிறகு அப்பாவுக்கு மேல் பல் எடுத்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். இதில் என்னென்ன நடக்கும், எதற்குக் கவலைப்படணும், எதற்கு வேண்டாம் என்று விவரமாகச் சொல்ல அப்போது எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக ஒன்றைச் சொல்லணும். பல்லை எடுப்பது டாக்டர் பொறுப்பு. எடுத்த குழியில் உறைகிற ரத்தத்தைப் பாதுகாப்பது நம் பொறுப்பு. நம்ம ஊரில் பெரும்பாலும் கெடுவது அந்த இரண்டாவது வேலைதான்.

ஞானப்பல் என்று சொல்கிற கடைசிக் கடைவாய்ப் பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கிறது. அதற்குள் மற்ற பற்கள் தாடையில் இடம் பிடித்துவிடுவதால், பலருக்கு இது நேராக வர வழியில்லாமல் சாய்ந்து கிடக்கும். எனக்குக் கீழே வலது பக்கம், முன்னால் இருக்கிற பல்லின் மேல் சாய்ந்து பாதி மட்டும் வெளியே தெரிந்தது. மீதிப் பாதியை ஈறு ஒரு மடிப்பு மாதிரி மூடியிருந்தது. அந்த மடிப்புக்குள் கொய்யா விதை போகும், காராச்சேவுத் தூள் போகும், எதை வைத்தும் எடுக்க முடியாது. கொஞ்ச நாளில் ஈறு வீங்கி, எச்சில் விழுங்கும்போது காது வரைக்கும் இழுக்கும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்கும், மறுபடி வரும். வருவதற்குக் காரணமான மடிப்பும் சாய்ந்த பல்லும் அப்படியே இருக்கும்போது மாத்திரை எத்தனை தரம் போட்டாலும் இதே கதைதான். ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் நம்ம ஊரில் சர்வ சாதாரணம். பல் வலியில் அது வேலை செய்கிறமாதிரி தெரிவதால் இன்னும் ஆபத்து.

அதற்காக ஞானப்பல் இருக்கிறவர்கள் எல்லாரும் எடுக்கணும் என்று இல்லை. எந்தத் தொந்தரவும் தராத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுகிற நைஸ் அமைப்பு 2000-ம் வருஷமே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஈறு வீக்கம், அந்தப் பல்லிலோ அதை ஒட்டிய பல்லிலோ சொத்தை, சுற்றிலும் நீர்க்கட்டி, இப்படிக் காரணம் இருந்தால்தான் எடுப்பது. "எதுக்காக எடுக்கணும், எடுக்காட்டி என்ன ஆகும்?" என்று கேட்டால் நல்ல டாக்டர் எக்ஸ்ரேயை வைத்துக் காட்டுவார். என்னைப் பார்த்த டாக்டர் காட்டினார். சாய்ந்த பல் இடிக்கிற இடத்தில் அதை ஒட்டிய பல்லில் சின்னதாகக் கறுப்பு விழ ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் நல்ல பல்லும் போயிருக்கும்.

அந்த எக்ஸ்ரேயின் பெயர் ஓ.பி.ஜி. நின்றபடியே தாடையை ஒரு தாங்கியில் வைத்து, முன் பற்களால் சின்னக் குச்சி ஒன்றைக் கடித்துக்கொள்ளணும். மெஷின் தலையைச் சுற்றி வரும். இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் விழும். அதில் டாக்டர் முதலில் பார்ப்பது கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்பின் பாதையை. மெல்லிய இரண்டு வெள்ளைக் கோடாகத் தெரியும். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு அது. ஞானப்பல்லின் வேர் அதைத் தொட்டுக்கொண்டோ ரொம்ப நெருங்கியோ இருந்தால், எடுக்கும்போது நரம்பு நசுங்கி உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டு. நாக்குக்குப் போகிற நரம்பு ஒன்றும் உள்பக்கமாகப் பக்கத்திலேயே ஓடுகிறது. பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ மரப்பு போய்விடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிற இடத்தில் நான் உட்கார மாட்டேன். வேர் நரம்பை ஒட்டித் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அது வீண் செலவு இல்லை.

தேதி குறிக்கிறதைப் பற்றி. வீக்கமும் சீழும் உச்சத்தில் இருக்கும்போது பெரும்பாலும் இந்த ஆபரேஷனைச் செய்ய மாட்டார்கள். சீழ் பிடித்த இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால் முதலில் கிருமியை அடக்கிவிட்டு அப்புறம் நாள் சொல்வார்கள். "வலி போயிருச்சே, இனி எதுக்கு" என்று நம் ஆட்கள் நழுவுவது இந்த இடத்தில்தான். எடுக்க வேண்டிய நேரமே வலி அடங்கி இருக்கிற அந்த நேரம்தான். எடுத்த பிறகு ஒரு வாரம் முகம் நம் வசம் இருக்காது, அதனால் கல்யாணம், காதுகுத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு இன்னொன்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களை விட்டுவிடுங்கள். ராத்திரி ரத்தம் நிற்கவில்லை என்று அவசரமாகப் போகணும் என்றால் ஆற்றை ஒட்டிய கோரிப்பாளையத்தைக் கூட்டத்தில் தாண்ட முடியாது.

தனியார் கிளினிக்கில் இதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். முடியாதவர்கள் பெரியாஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போகலாம். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே பயிற்சி மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், செலவு குறைவு, காத்திருக்கிற நேரம் அதிகம். எங்கே போனாலும் வாய், முக அறுவை சிகிச்சை படித்தவர் செய்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்கிற ஊசி என்றால் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போய்ப் பாதியில் மயக்கம் போட்டு விழுகிறவர்கள் உண்டு. நான் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் பட்டினி, அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். திரும்பி வரும்போது வண்டி ஓட்ட முடிந்தாலும் பேச முடியாது.

கீழ்த்தாடைக்கான ஊசியை வாயின் கோடியில், தாடை மூட்டுப் பக்கமாகப் போடுகிறார்கள். போடும்போது ஒரு சுருக். ஊசியில் லிக்னோகெய்ன் என்கிற மரப்பு மருந்தோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்ந்திருக்கும். அந்த இடத்து ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் குறைவாக வரவும், மரப்பு நீண்ட நேரம் நிற்கவும் அது உதவுகிறது. அதனாலேயே சிலருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு படபடவென்று அடிக்கும். பயத்தில் அடிக்கிறது என்று நினைத்து இன்னும் பயந்துவிடுவோம். அது மருந்தின் வேலை, தானாக அடங்கும். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துக் கிடக்கிறமாதிரி இருக்கும், நாக்கில் பாதி காணாமல் போகும். டாக்டர் கூர்மையான கருவியால் ஈறைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

இங்கே ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மரப்பு ஊசி வலியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. தள்ளுவது, அமுக்குவது, தாடையே பெயர்கிறமாதிரி நெம்புவது எல்லாம் தெரியும். வலி தெரியக் கூடாது, தெரிந்தால் உடனே இடது கையைத் தூக்குங்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். தூக்கினால் இன்னொரு ஊசி போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய இடம் இது இல்லை.

ஈறை அறுத்து ஒதுக்கிவிட்டு, பல்லைச் சுற்றியிருக்கிற எலும்பில் கொஞ்சத்தை டிரில்லால் எடுக்கிறார்கள். எலும்பு சூடாகாமல் இருக்க உப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நர்ஸ் குழாயால் உறிஞ்சிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் காது வழியாக வருவதில்லை, எலும்பு வழியாக மண்டைக்குள் நேராக வருகிறது. எனக்கு மொத்த ஆபரேஷனிலும் கஷ்டமாக இருந்தது இந்தச் சத்தம்தான். சாய்ந்த பல்லை முழுசாக எடுத்தால் ஒட்டிய பல்லையும் எலும்பையும் அதிகம் கெடுக்கணும் என்பதால், பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நெம்புகோலை வைத்துத் திருப்பும்போது கரும்பை ஒடிக்கிறமாதிரி மளுக்கென்று கேட்டது. தாடை உடைந்துவிட்டதோ என்று நான் கண்ணைத் திறந்தேன். "ஒண்ணுமில்லம்மா, பல்லுதான் ரெண்டாச்சு, அதுக்குத்தான் வெட்டுனேன்" என்றார் டாக்டர். தட்டில் அப்புறம் பார்த்தேன். பல்லின் தலைப்பாகம் தனியாக, வளைந்த வேர்கள் தனியாக. வேரின் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. இது குறடுக்கு மட்டும் வந்திருக்காது என்று பார்த்த உடனே புரிந்தது.

கறுப்புப் பட்டு நூலால் தையல் போட்டு, மடித்த காஸ் துணியை வைத்துக் கடிக்கச் சொல்லி, ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

இனிமேல்தான் விஷயமே. பல் இருந்த குழியில் ரத்தம் நிறைந்து உறைந்து ஜெல்லி மாதிரி நிற்கும். அதுதான் கட்டு, அதுதான் மருந்து. அடியில் இருக்கிற எலும்பையும் நரம்பு நுனிகளையும் அது மூடிக் காப்பாற்றுகிறது. அதற்குள்தான் புதுத் திசு வளர்ந்து குழி தூர்கிறது. கையில் வெட்டுப்பட்டால் மேலே பொருக்குத் தட்டும், அதை யாரும் பிய்க்க மாட்டோம். வாய்க்குள் அது ஈரமாக, சிவப்பாக இருப்பதால் அழுக்கு என்று நினைத்து வெளியே தள்ளப் பார்க்கிறோம். அந்தக் கட்டி பெயர்ந்தாலோ கரைந்தாலோ எலும்பு திறந்து கிடக்கும். உலர்குழி என்று சொல்கிற கொடுமையான வலி அப்படித்தான் வருகிறது. சாதாரணமாகப் பிடுங்கிய பல்லில் நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான் வரும், கீழ் ஞானப்பல் ஆபரேஷனில் அதைவிடப் பல மடங்கு அதிகம். கட்டியைப் பெயர்ப்பது பெரிய காரியமெல்லாம் இல்லை. வாய்க்குள் உறிஞ்சுகிற இழுப்பு ஒன்று போதும். துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா, பீடி, சிகரெட் எல்லாம் அந்தப் பட்டியலில் வருவது அதனால்தான். புகையில் இன்னொரு கேடும் இருக்கிறது. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கி, கட்டி உருவாகவே விடாது.

இப்போது நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் நாக்கு வழித்து, ஓங்கரித்து, காறித் துப்பினால்தான் வாய் சுத்தம். சாப்பிட்ட கையோடு கொப்பளித்து உமிழ்ந்தால்தான் சாப்பாடு முடிந்த கணக்கு. வாயில் ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு ஆபரேஷன் என்றதும் சோழவந்தானிலிருந்து அப்பத்தா கிளம்பி வந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் ஒரு சொம்பையும் கிண்ணியையும் வைத்துவிட்டு, "துப்பு தாயி, கெட்ட ரத்தம் வயித்துக்குள்ள போகக்கூடாது" என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். என் மேல் இருக்கிற பிரியத்தில்தான். அந்தப் பிரியத்துக்குப் பதில் சொல்வதுதான் இந்த ஆபரேஷனிலேயே சிரமமான பகுதி, ஏனென்றால் நமக்கு அப்போது வாயும் திறக்காது.

அதனால் இதைப் போகும் முன்பே வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். குழியில் வருவது கெட்ட ரத்தம் கிடையாது, கையை வெட்டினால் வருகிற அதே ரத்தம்தான். எச்சிலோடு கலந்தால் ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் ரத்தமாகத் தெரியும். முதல் நாள் முழுக்க எச்சில் லேசாகச் சிவந்து வருவது இயல்பு. விழுங்கிவிடலாம். விழுங்கப் பிடிக்காவிட்டால் குனிந்து வாயைத் திறந்தால் தானாக வழிந்து விழும், துண்டால் துடைத்துக்கொள்ளலாம். காஸைச் சும்மா சும்மா எடுத்துப் பார்க்காமல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடிக்கணும். எடுத்த பிறகும் ரத்தம் கொட்டினால் புதுக் காஸை நனைத்துப் பிழிந்து மடித்து, சரியாகக் குழி மேல் வைத்து இன்னொரு அரை மணி கடிக்கணும். அப்படியும் வாய் நிறைந்து நிறைந்து வந்தால்தான் டாக்டருக்குப் போன் போடவேண்டிய விஷயம்.

பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவார்கள், கூடவே ஸ்ட்ராவும் இருக்கும். இளநீர் நல்லதுதான், டம்ளரில் ஊற்றிக் குடிக்கணும். அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கமும் அன்றைக்கு ஒத்துவராது. உதடு மரத்திருக்கும்போது தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாமல் சட்டை நனையும், புரையேறும். டம்ளரை வாயில் வைத்துச் சின்னச் சின்னதாகக் குடிப்பதுதான் நல்லது. மறுநாள் பல் தேய்க்கலாம், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. நாக்கு வழித்துக் காறுவதைச் சில நாள் தள்ளி வைக்கணும். பெரியவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டமான கட்டளை.

உப்புத் தண்ணீர் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், ஆனால் அதற்கு நேரம் இருக்கிறது. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. அதற்குப் பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து விழவிடணும். கடகடவென்று கொப்பளிப்பது வேண்டாம்.

மரப்பு சில மணி நேரத்தில் தெளியும். தெளிந்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், அதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடணும். வலி ஏறிய பிறகு அதைத் துரத்துவது கஷ்டம். பெரும்பாலும் ஐபுப்ரோபென்னும் பாரசிட்டமாலும் கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்தால் நன்றாகக் கேட்கும். எழுதிக் கொடுத்த மாத்திரையிலேயே பாரசிட்டமால் கலந்திருக்கும், அது தெரியாமல் வீட்டில் இருக்கிற டோலோவையும் கூடப் போடுகிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் போகவே கூடாது, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வயிற்றுப் புண், கிட்னி கோளாறு, ஆஸ்துமா இருந்தால் ஐபுப்ரோபென்னுக்கு முன் டாக்டரிடம் சொல்லணும்.

முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் கன்னத்தில் வைப்பது, 20 நிமிடம் எடுப்பது. தலையை உயர்த்திப் படுப்பது. அவ்வளவுதான் முதல் நாள்.

மறுநாள் கண்ணாடி பார்த்தால் பகீரென்று இருக்கும், அதற்கடுத்த நாள் அதைவிட. வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும், அப்புறம்தான் வடியும். இது யாரும் சொல்லாவிட்டால், நாளாக நாளாக மோசமாகிறதே என்று பதறிப்போவோம். சிலருக்குக் கன்னம் ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாகிக் கழுத்து வரை இறங்கும். கசிந்த ரத்தம் தோலுக்கடியில் இறங்குவது அது. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். தாடைத் தசை இறுகுவதால் அப்படி, முதல் நாட்கள் போன பிறகு வெதுவெதுப்பான ஒத்தடமும் மெல்ல மெல்லத் திறந்து மூடுகிற பயிற்சியும் அதைத் தளர்த்தும்.

சாப்பாட்டு விஷயத்தில் மதுரையில் இருப்பது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினும் பாலும் ஐஸ்கிரீமும் எல்லாம் மெல்லாமல் இறங்கும், ஸ்பூனில் சாப்பிட்டால் போதும். இரண்டு மூன்று நாள் போன பிறகு பருத்திப்பால். சூடு ஆறி வெதுவெதுப்பாக, தேங்காய்ப்பூவை வடிகட்டிவிட்டு. அது வயிற்றில் நிற்கும், கஞ்சியே குடித்துக் களைத்த உடம்புக்குத் தெம்பாக இருக்கும். ராகிக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, குழைய வடித்துப் பிசைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி இவையெல்லாம் ஓடும். ஆவி பறக்கிற ரசம் முதல் நாளில் வேண்டாம், சூடு ரத்தத்தை இளக்கிவிடும். எள், பொரி, முறுக்கு, கடலை இரண்டு வாரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பரோட்டா பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, வாய் திறக்காதபோது அதை யாரும் நினைக்கப் போவதில்லை.

கத்தரிக்காய், கருவாடு சேர்த்தால் புண் ஆறாது என்பார்கள், தயிர் சேர்த்தால் சீழ் கட்டும் என்பார்கள். தயிரால் சீழ் வராது, அதை நான் டாக்டரிடம் கேட்டு அப்பத்தாவுக்கு முன்னாலேயே சொல்ல வைத்தேன். குளிர்ச்சியும் மிருதுவும்தான் அப்போது வேண்டியது. கருவாட்டை விடச் சொன்னதற்கு நான் வாதாடவில்லை. முள்ளும் காரமும் எப்படியும் ஆகாது.

உலர்குழி எனக்கு வரவில்லை. என் மாமா பையனுக்கு வந்தது. பல் எடுத்த மறுநாளே சிகரெட். முதல் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் வலி ஏறியது. இதுதான் அடையாளம். சாதாரணமாக ஆறுகிற வலி நாளுக்கு நாள் குறையும், உலர்குழி வலி மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகக் கிளம்பிக் காதுக்கும் பொட்டுக்கும் ஓடும், வாயில் ஒரு கெட்ட வாடையும் கசப்பும் இருக்கும், மாத்திரைக்குக் கட்டுப்படாது. அவன் ஆன்டிபயாடிக்கை மாற்றிப் போட்டால் சரியாகும் என்று இருந்தான். சரியாகாது, அது கிருமியால் மட்டும் வருகிற வலி கிடையாது. திரும்பப் போய்க் குழியைக் கழுவி, கிராம்பெண்ணெய் சேர்ந்த மருந்தை உள்ளே வைத்ததும் அன்றைக்கே தூங்கினான். கிராம்பில் இருக்கிற யூஜினால் நரம்பை மரக்கச் செய்கிறது, பாட்டி வைத்தியத்துக்கும் பல் டாக்டரின் மருந்துக்கும் பொதுவான சங்கதி அது. ஆனால் வீட்டில் கிராம்பை நசுக்கிக் குழிக்குள் அடைக்காதீர்கள். தூள் உள்ளே நிற்கும், சுத்த எண்ணெய் ஈறைப் பொசுக்கும்.

அப்பா விஷயம் வேறு மாதிரி. அவருக்கு மேல் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து வேர் மட்டும் மிச்சம் இருந்தது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கையில் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டார். நம் பக்கத்தில் இந்தப் பயம் எத்தனை பேரைச் சீழோடு உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பார்வைக்கான நரம்பு கண்ணிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது, பல்லுக்கு வருவது வேறு நரம்பு. பல் எடுத்தால் பார்வை போகாது. எடுக்காமல் விட்ட சீழ் முகத்தில் பரவுவதுதான் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து.

மேல் கடைவாய்ப் பல்லுக்கு நிஜமான கவனம் வேறு இடத்தில் தேவை. அதன் வேர் நுனிக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது, நடுவில் சில பேருக்குக் காகிதம் கனத்துக்குத்தான் எலும்பு. எடுக்கும்போது அங்கே திறப்பு விழலாம். அதனால் இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். "பல்லு எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நிறுத்திருங்கண்ணே, இல்லாட்டி ரத்தம் நிக்காது" என்று பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாகச் சொன்னார். தயவுசெய்து யார் சொன்னாலும் அப்படி நிறுத்தாதீர்கள். பல் குழியில் கொஞ்சம் கூடுதலாகக் கசிகிற ரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்டில் அடைப்பு விழுந்தால் ஆளே போய்விடுவார். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொண்டு, மாத்திரையை நிறுத்தாமலேயே எடுத்தார்கள். ஐபுப்ரோபென் கொடுக்கவில்லை, பாரசிட்டமால் மட்டும். சர்க்கரையையும் முதலில் பார்த்தார்கள், அது எகிறிக் கிடந்தால் புண் ஆறாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எடுக்கிற அம்மாமார்கள் அதையும் கட்டாயம் சொல்லணும், அதில் சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதையே தடுக்கும்.

அப்பாவுக்குப் பெரிய சோதனை வெற்றிலை. கொடிக்காலில் வளர்ந்தவர், சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். பாக்குத் துகள் குழிக்குள் போகும், சுண்ணாம்பு புண்ணை எரிக்கும், அதக்கிவிட்டு உமிழ்வது வேறு. புகையிலை சேர்த்தால் சொல்லவே வேண்டாம். புண் மூடுகிற வரைக்கும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா இரண்டு கிராம்பையாவது வாயில் அடக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

தையலை ஒரு வாரம் கழித்துப் பிரிப்பார்கள், பிரிப்பது வலிக்காது. அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், குழி இன்னும் இருக்கும். ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் பருக்கை போய்ச் சிக்கும். குச்சியால் நோண்டக் கூடாது. டாக்டர் சரி என்ற பிறகு, ஊசி இல்லாத வளைந்த சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் வெளியே வந்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் ஏறினாலும், காய்ச்சல் அடித்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலும், மறுநாளும் உதடு மரப்பு தெளியாவிட்டாலும் கூச்சப்படாமல் போன் போடுங்கள். மூச்சுத் திணறினால் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.